ஐம்பது நாள் இடைவெளியில் இரண்டு விபத்துகள்: பாறைக்காரர்களின் சங்கம் என்ன செய்கிறது?

கேள்வி கேட்ட தம்பி எழுதியது இது: “அக்கா, கிண்டியில் மைனிங் முடித்துவிட்டேன். பிப்ரவரியில் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. ஆய்வுக்கு வருகிறேன். கைடு ஐ.எஸ்.ஆர்.எம்.மில், அதாவது சர்வதேசப் பாறை இயக்கவியல் சங்கத்தில், சேரச் சொல்கிறார். இவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்? ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடுவதைத் தவிர வேறு பிரயோஜனம் உண்டா?”

அந்த ஒரு வரியைப் பார்த்து இங்கே யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். ஆனாலும் சேருங்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1959 டிசம்பர் 2 இரவு, பிரான்ஸின் தென்கோடியில் மால்பாசே என்ற வளைவு அணை உடைந்தது. கான்கிரீட்டில் குறை இல்லை. அணை தோள் கொடுத்து நின்ற இடதுகரைப் பாறை நகர்ந்துவிட்டது. நானூறுக்கும் மேற்பட்டவர்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. அதிலிருந்து சரியாக ஐம்பதாவது நாள், 1960 ஜனவரி 21 மாலை, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே வால் ஆற்றைத் தாண்டி, சாசோல்பர்க் பக்கத்தில் இருந்த கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சுமார் 180 மீட்டர் ஆழத்தில், சுரங்கக் கூரையைத் தாங்குவதற்காக வெட்டாமல் விட்டுவைத்த நிலக்கரித் தூண்களில் தொள்ளாயிரம் போல நொறுங்கின. இங்கேயும் நானூறுக்கும் மேல். பெரும்பாலோர் இன்றைய லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். உடல்களை எடுக்கவே முடியவில்லை. இன்னும் கீழேதான் இருக்கிறார்கள்.

ஒன்று அணை, ஒன்று சுரங்கம். அணை கட்டுகிறவர் சிவில், சுரங்கம் வெட்டுகிறவர் மைனிங். இருவரும் படித்த புத்தகமும் வேறு, போகிற கூட்டமும் வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் பதில் தெரியாமல் போன கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாறை எவ்வளவு தாங்கும்?

ஆஸ்திரியாவில் லியோபோல்ட் முல்லர் என்ற பொறியாளர் 1951 முதலே சால்ஸ்பர்க்கில் ஒரு சிறு வட்டத்தைக் கூட்டி இதைப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வட்டம்தான் 1962 மே மாதம் சர்வதேசச் சங்கமானது. முல்லரே முதல் தலைவர். பாறைத்திரளின் வலிமை நமக்குத் தெரியாது, அதனால்தான் இப்படியொரு சங்கம் தேவை என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். சங்கம் தொடங்கும்போது “எங்களுக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்லிப் பேனர் கட்டுகிறவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தப் பேச்சு வெறும் பணிவு அல்ல. இத்தாலியில் வயோந்த் அணையின் மலைச்சரிவுக்கு ஆலோசனை சொன்னவர்களில் முல்லரும் ஒருவர். சுமார் 20 கோடி கன மீட்டர் மலை சரியக்கூடும் என்று 1961-லேயே அவர் எழுதிக் கொடுத்திருந்தார். 1963 அக்டோபர் 9 இரவு அதைவிடவும் அதிகமாகச் சரிந்து நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. எழும்பிய நீர் அணையைத் தாண்டிக் குதித்து, கீழே லாங்கரோனே ஊரையும் சுற்றியிருந்தவற்றையும் துடைத்துப்போட்டது. சுமார் 2000 பேர். அணை மட்டும் இன்றும் நிற்கிறது. சங்கத்துக்கு அப்போது ஒன்றரை வயதுகூட ஆகவில்லை.

பாறைக்கும் பாறைத்திரளுக்கும் என்ன வித்தியாசம் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். கையில் இருக்கும் ஒரு செங்கல் வேறு, தாத்தா காலத்தில் மண்சாந்து வைத்துக் கட்டிய மதில் வேறு. செங்கல்லை நசுக்கிப் பார்த்து மதில் மழைக்கு நிற்குமா என்று சொல்ல முடியாது. மதிலின் பலவீனம் சந்துகளில் இருக்கிறது. சந்து எத்தனை, எந்தப் பக்கம் சாய்கிறது, இடுக்கில் களிமண் உண்டா, தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் மதிப்பெண்ணாக்கி நூற்றுக்கு இத்தனை என்று பாறைத்திரளுக்கு மார்க் போடும் முறையை 1973-இல் பியெனியாவ்ஸ்கி கொண்டுவந்தார். அவர் அப்போது இருந்தது இங்கே, பிரிட்டோரியாவில், தென்னாப்பிரிக்காவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகத்தில். இன்றைக்கு இமயமலைச் சுரங்கப்பாதையில் நிற்கும் நம் ஊர்ப் பையனும் அந்த மார்க்கைத்தான் போடுகிறான்.

இனி கோல்புரூக்குக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு இதில்தான் கதையே இருக்கிறது.

விபத்துக்குப் பின் இங்கே நிலக்கரித் தூண்களைப் பற்றி ஆய்வு செய்யப் பணம் ஒதுக்கினார்கள். ஹங்கேரியில் பிறந்த மிக்லோஷ் சலமோன் 1963-இல் வந்து சேர்ந்தார். அவரும் கூட ஆய்வு செய்த மன்றோவும் நிலக்கரித் துண்டுகளை நசுக்கிக்கொண்டு உட்காரவில்லை. நாடு முழுக்கச் சுரங்கங்களில் உண்மையாகவே நிற்கிற தூண்கள், உண்மையாகவே விழுந்த தூண்கள் இரண்டையும் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 125 இடங்கள். 98 நின்றவை, 27 விழுந்தவை. 1967-இல் முடிவை வெளியிட்டார்கள். மீட்டரில் அளந்த தூணின் அகலத்தை 0.46 அடுக்குக்கு உயர்த்தி, உயரத்தின் 0.66 அடுக்கால் வகுத்து, 7.2-ஆல் பெருக்கினால் வலிமை மெகாபாஸ்கலில், அதாவது அழுத்தத்தை அளக்கும் அலகில், வந்துவிடும். சுமையைவிட வலிமை 1.6 மடங்கு இருக்கும்படி வடிவமையுங்கள் என்றார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆழம் 100 மீட்டர். தூண் 12 மீட்டர் சதுரம், நடுவில் விடும் பாதை 6 மீட்டர், வெட்டிய உயரம் 3 மீட்டர். தூணின் தலையில் ஏறும் சுமை சுமார் 5.6 மெகாபாஸ்கல், தூணின் வலிமை சுமார் 10.9. ஆக 1.9 மடங்கு. நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது கூரையில் இன்னும் நல்ல நிலக்கரி இருக்கிறதே என்று மேலே 2 மீட்டர் சேர்த்து வெட்டுகிறோம். அகலத்தைத் தொடவே இல்லை, சுமையும் ஏறவில்லை. உயரம் மட்டும் 5 ஆகிறது. வலிமை 7.8-க்கு இறங்கிவிடும், விகிதம் 1.4-க்கும் கீழே. கண்ணுக்குத் தூண் முன்னைப்போலவேதான் தெரியும். கோல்புரூக்கிலும் இப்படிக் கூரை நிலக்கரியை எடுத்தார்கள்.

இந்தக் கணக்கை ஐ.எஸ்.ஆர்.எம். போடவில்லை. சங்கத்துக்கென்று சொந்த ஆய்வகம் கிடையாது, யாருக்கும் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்வதும் கிடையாது. பலர் நினைப்பது போல ‘சர்வதேச ஆய்வுச் சங்கம்’ என்றால் வெள்ளைக் கோட்டோடு ஒரு கட்டடம் அல்ல. சலமோன் தேடிப்போன அந்த 27 போன்றவற்றை, விழுந்தவற்றை, மேசைமேல் வைத்துப் பேச ஒரு இடம். நின்றதைப் பற்றி மட்டும் கட்டுரை எழுதினால் அந்தச் சூத்திரம் வந்திருக்காது. பிற்பாடு விழுந்த தூண்களையும் சேர்த்து இந்த எண்களைத் திருத்தியவர் நீலன் வான் டெர் மெர்வ. அவர்தான் 2003 முதல் 2007 வரை ஐ.எஸ்.ஆர்.எம். தலைவர். அந்த 2003-இல் பத்தாவது மாநாடு நடந்ததும் ஜோகன்னஸ்பர்க்கில்தான்.

இடையில் ஒன்று. நிலக்கரி நமக்கு அந்நியமில்லை. 1913 அக்டோபரில் இங்கே நேட்டாலில் உள்ள நியூகாசில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது கீழே இருந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து அவர்களை வெளியே அழைத்தவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து போன நம் பெண்கள். நீங்கள் படிக்கப்போகும் விட்ஸ் இருக்கிற அதே பிராம்ஃபொன்டைனில்தான், அந்தப் போராட்டத்தில் சிறை போய் 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை இருக்கிறது. கோல்புரூக் இருந்த ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்திலோ 1891-இலிருந்து 1986 வரை இந்தியர் குடியிருக்கவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. வேலை விஷயமாக வால் ஆற்றுப் பாலத்தை வாரம் மூன்று முறை தாண்டுகிறேன். ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இந்தியர்கள் வாழும் லெனேசியாவில், எங்கள் வீட்டு ஆயாவிடம் இன்று எங்கே போகிறேன் என்று சொன்னால், அவர் இன்னமும் “ராத்திரி தங்காதே” என்பார். பழக்கம்.

சரி, சங்கம் செய்கிற இரண்டாவது வேலை. ஒரே பாறையை லிஸ்பனில் சோதித்தாலும் ஜோகன்னஸ்பர்க்கில் சோதித்தாலும் ஒப்பிடக்கூடிய எண் வரவேண்டும். அதற்காகச் சோதனை முறைகளுக்கென்று ஒரு குழு வைத்து, ‘பரிந்துரைக்கப்பட்ட முறைகள்’ என்று ஒவ்வொன்றாக எழுதி வெளியிடுகிறார்கள். 1974 முதல் 2006 வரை வந்தவற்றைத் தொகுத்த நீல அட்டைப் புத்தகம் எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் எண்ணெய்க் கறையோடு ஒரு மூலையில் கிடக்கும். படிக்கச் சுவாரசியமே இருக்காது, சமையல் குறிப்பு மாதிரி. ஆனால் நான் அதன் அருமையை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

வந்த புதிது. நான் ஜியாலஜி படித்தவள். 2019 வரை இந்தியாவில் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யச் சட்டம் விடவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். ஒரு ஆய்வகத்தில், பெயர் வேண்டாம், குவார்ட்சைட் என்ற கடினப் பாறைத் துண்டுகளை நசுக்கிக்கொண்டிருந்தேன். 200 மெகாபாஸ்கல் வர வேண்டிய கல் 140-இல் உடைகிறது. ஐந்தும் அப்படியே. பாறையே பலவீனம் என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். அங்கே முப்பது வருடமாகக் கல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஜூலு பெரியவர், நாங்கள் எல்லோரும் பாபா என்று கூப்பிடுவோம், மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்தார். அதன் தலையில் ஒரு எஃகு அளவுகோலை நிறுத்தி, ஜன்னல் பக்கம் பிடித்து, என்னைப் பார்க்கச் சொன்னார். அளவுகோலுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு ஓரமாக மயிரிழை வெளிச்சம். அவ்வளவுதான் தப்பு. அரவை மெஷினில் துண்டைச் சரியாகப் பிடிக்காமல் விட்டிருந்தார்கள், நானும் பார்க்கவில்லை. அழுத்தும்போது முழுப் பரப்பும் தாங்காமல் ஒரு ஓரமே எல்லாவற்றையும் தாங்கி முதலில் தெறித்திருக்கிறது.

நீலப் புத்தகத்தில் அது எழுதியே இருக்கிறது. துண்டு நேரான உருளை, விட்டம் 54 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, உயரம் விட்டத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு. இரு முனைகளும் 0.02 மில்லிமீட்டருக்குள் தட்டை. கந்தகமோ வேறெதுவோ பூசிச் சமன் செய்யக்கூடாது. உடைய ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகும் வேகத்தில் அழுத்து. குறைந்தது ஐந்து துண்டு. 0.02 என்றால் என்ன என்று அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. புதுத் துண்டுகளை பாபாவே அரைத்துக் கொடுத்தார். 190-இலிருந்து 210-க்குள் எல்லாம் வந்துவிட்டன. அந்த 140-ஐ நம்பி யாராவது வடிவமைத்திருந்தால் ஆபத்தில்லை, காசுதான் வீண். ஆனால் தப்பு எப்போதும் பாதுகாப்பான பக்கமாகவே சாயும் என்று யார் சொன்னது?

அடுத்து, தங்கச் சுரங்கம். என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப்பில் வேலை பார்த்தவர். தமிழ்க் குடும்பங்களே அந்த ஊர். பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதை அவர் “ஏர் பிளாஸ்ட்” என்பார். நாம் பாடத்தில் ‘ராக்பர்ஸ்ட்’ என்று படிக்கிறோம். அடி ஆழத்தில் பாறை, முறுக்கிய ஸ்பிரிங் மாதிரி. நடுவில் குடைந்து எடுத்தால் அந்த முறுக்கு எங்கேயாவது போக வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன கோலாரிலும், நான்கு கிலோமீட்டரைத் தொட்ட ஜோகன்னஸ்பர்க் பக்கத்துச் சுரங்கங்களிலும் இதே கதைதான். கோலார் 2001-இல் மூடிவிட்டது. இங்கே இன்னும் வெட்டுகிறார்கள்.

இதை ஆற்றல் கணக்காகப் பார்க்க வேண்டும் என்று 1960-களில் சொன்னவர் நெவில் குக், விட்ஸில் படித்தவர். எவ்வளவு வேகமாக, எந்த வடிவத்தில் வெட்டினால் எவ்வளவு ஆற்றல் வெளியாகும் என்று கணக்கிட்டு, அதைக் குறைக்கும்படி வெட்டும் வரிசையை மாற்றச் சொன்னார். சங்கம் முல்லர் பெயரில் நான்கு ஆண்டுக்கொரு முறை கொடுக்கும் விருது 1991-இல் முதன்முதலாக எவர்ட் ஹோக்குக்குப் போனது, அவர் கேப் டவுனில் படித்தவர். 1995-இல் இரண்டாவதாக குக்குக்கு. முதல் இரண்டு விருதும் தெற்கு ஆப்பிரிக்காவில் படித்து வளர்ந்தவர்களுக்கு. இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014 ஆகஸ்ட் 5 மதியம் தங்கச் சுரங்க ஊரான ஆர்க்னி பக்கம் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தபோது எங்கள் அடுப்படியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஆயா கரண்டியைக் கீழே வைக்காமலே “மைன்தானா?” என்று என்னைக் கேட்டார். என் தொழிலைப் பற்றி என்னிடம் அவர் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. பதில் சொல்ல எங்கள் ஆட்களுக்கே நாளாயிற்று.

அமைப்பு எப்படி என்றால், ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தேசியக் குழு. நீங்கள் நேராக லிஸ்பன் தலைமைச் செயலகத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, இங்குள்ள சானிரே வழியாகச் சேர்ந்தால் போதும். அதுதான் தென்னாப்பிரிக்கப் பாறைப் பொறியியல் நிறுவனம். கவுன்சிலில் நாட்டுக்கு ஒரு வாக்கு. நான்கு ஆண்டுக்கொரு மாநாடு: 1966-இல் லிஸ்பனில் ஆரம்பித்து, 2023-இல் பிறந்த ஊரான சால்ஸ்பர்க்குக்கே திரும்பி வந்தது. 2017-இல் பெயரோடு ‘பாறைப் பொறியியல்’ என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள், சுருக்கப் பெயர் மட்டும் மாறவில்லை. நல்ல முனைவர் பட்ட ஆய்வுக்கு 1982 முதல் ஆண்டுதோறும் ரோஷா பதக்கம். மானுவேல் ரோஷா முல்லருக்குப் பின் தலைவராக இருந்த போர்த்துகீசியர்.

குறைகளும் இருக்கின்றன. மாநாட்டுக் கட்டணமும் விமான டிக்கெட்டும் சேர்த்து ராண்டில் கணக்குப் போட்டால் மாணவனுக்கு மயக்கம் வரும். சமீப காலமாகச் சுரங்கப்பாதை, நீர்மின் நிலையம், கணினி மாடல் என்று அந்தப் பக்கமே கட்டுரைகள் குவிகின்றன. சுரங்கத்துக்குள் தினமும் கூரை பார்க்கிறவனுக்குப் பந்தியில் கடைசி இலை. பாறையையே தொடாமல் மாடலை மாடலோடு ஒப்பிட்டு எழுதிய கட்டுரைகளை நானே வரிசையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். காபிக்கு எழுந்து போவதில் தப்பில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்களுக்கு முதலில் பயன்படப்போவது மாநாடு அல்ல, சானிரேயின் கிளைக் கூட்டங்கள். சுரங்கப் பகுதிவாரியாகக் கிளைகள் உண்டு. ஒருவர் படம் போட்டு, போன மாதம் எங்கள் இடத்தில் இந்தக் கூரை விழுந்தது, இதனால் என்று நினைக்கிறோம் என்பார். பின்வரிசையிலிருந்து ஒருவர், “இல்லை, எங்களிடம் இதே மாதிரி விழுந்தது, காரணம் வேறு” என்பார். சண்டை சூடு பிடிக்கும். அதுதான் பாடம்.

பின்வரிசை ஆட்களை அலட்சியம் செய்யாதீர்கள். எனக்கு முதன்முதலில் கூரை தட்டக் கற்றுக்கொடுத்தவர் லெசோத்தோவிலிருந்து வந்த ஒரு தொழிலாளி. நீளமான கம்பி, இங்கே பிஞ்ச் பார் என்பார்கள். வெடி வைத்த பிறகு உள்ளே நுழையும்போது அதால் கூரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். தேங்காய் வாங்கும்போது தட்டுகிறோமே, அந்தக் காதுதான். ‘கணீர்’ என்றால் பிடித்திருக்கிறது. ‘தொப்’ என்றால் மேலே பிரிந்து தொங்குகிறது, நெம்பி இறக்கு. அவர் பேசியது ஃபனகலோ, சுரங்கங்களுக்கென்றே ஆன கலப்பு மொழி. லெனேசியாவில் வயதானவர்கள் நேட்டாலில் கேட்டதாக இன்றும் சில வார்த்தை சொல்வார்கள். எனக்கு அவர் சொன்னதில் பாதி புரியவில்லை, தட்டிய சத்தம் புரிந்தது.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். உறுப்பினரானால் சங்கத்தின் மின்நூலகத்தில் ஆண்டுக்கு 100 கட்டுரை இறக்கிக்கொள்ளலாம், ஆய்வுக்கு அதுவே கட்டணத்தைக் கழித்துவிடும். 35 வயதுக்குள் இருப்பதால் இளையோர் குழுவிலும் பெயர் கொடுங்கள். சங்கம் வெளியிடும் இணைய உரைகளைச் சேராமலே பார்க்கலாம், இன்றே தொடங்குங்கள். “மதிப்பிற்குரிய ஆராய்ச்சியாளரே, உங்கள் மகத்தான கட்டுரையைக் கண்டு வியந்தோம்” என்று தேனொழுக ஒரு மெயில் வரும், இதே மாதிரி பெயரில், ஏதோ ஒரு சுற்றுலா ஊரில் மாநாடு என்று. இன்னும் கட்டுரையே எழுதாத உங்களுக்கும் வரும். அழித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த நிகழ்ச்சியை எந்தத் தேசியக் குழு நடத்துகிறது என்று சானிரேயிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

கட்டணத்தைக் கையிலிருந்து கட்டாதீர்கள். ஆய்வுத் திட்டத்தில் போட முடியுமா என்று கைடிடம் முதல் வாரமே கேளுங்கள், இரண்டாம் மாதம் கேட்டால் பட்ஜெட் மூடியாயிற்று என்பார்கள். வருவதற்கு முன் மேலே உள்ள தூண் கணக்கை, ஆழத்தை 180 ஆக்கி (சுமையும் அதே விகிதத்தில் ஏறும்), உயரத்தை 3, 4, 5 என்று மாற்றி, ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். எந்த உயரத்தில் விகிதம் ஒன்றுக்கும் கீழே போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.